பழுத்ததை மட்டும் எடுக்கும் கள்ளன்

ஜூலை 29, செவ்வாய்

என் முல்தெ களவு போய்விட்டது. இதைச் சுற்றி வளைத்து எழுத ஒன்றுமில்லை. மலைச் சரிவுக்குப் பின்னால் உள்ள சதுப்பில், இத்தனை காலம் ஒருவருக்கும் காட்டாமல் நான் காத்துவந்த இடத்தில், பழுத்த பழம் ஒன்றுகூட இல்லை. சிவப்புக் காய்கள் அப்படியே நிற்கின்றன. பழுத்ததை மட்டும் ஒருவன் தேர்ந்து பிடுங்கியிருக்கிறான்.

விபரம் தெரியாதவர்கள் இதைச் சின்ன விடயம் என்பார்கள். முல்தெ என்பது நோர்வேயின் வடக்கில் சதுப்பு நிலத்தில் வரும் பழம். ஒரு தண்டுக்கு ஒரு பழம்தான். வீட்டுத் தோட்டத்தில் வைத்தால் வராது, கெஞ்சினாலும் வராது. காய் சிவப்பு, பழம் மஞ்சள். மிளகாய்க்கு நேர் எதிர். காடு எல்லாருக்கும் பொது, கண்டவன் பிடுங்கலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே ஒருவர் கண்ணிலும் படவிடக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். தன் முல்தெ இடத்தை இங்கே ஒருவர் பெற்ற மகனுக்கும் சொல்ல மாட்டார்.

நான் ஊரிலிருந்து வந்து இங்கே மீன் ஆலையில் சேர்ந்த வருடம் இது தெரியாமல், "நல்ல பழம், எங்கே பிடுங்கினீர்கள்?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டேன். மேசை முழுவதும் கோப்பி குடிப்பதை நிறுத்தியது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்கள். அதன்பின் நானே தேடினேன், நானே கண்டுபிடித்தேன். எந்தப் பழம் தின்னலாம், எது ஆளைக் கொல்லும் என்று எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நூலகத்துப் புத்தகத்தில் பார்த்துப் படித்தேன். அதில் சில பிழைகள் இருந்தன. பென்சிலால் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன்.

பரமேஸ்வரியிடம் செய்தியைச் சொன்னேன். அவள் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆரப்பா அந்தச் சேத்துக்குள்ள வந்து களவெடுக்கிறது? உங்களைப்போல இன்னொரு விசரன் இந்த ஊரிலை இருக்கிறானே?"

இதுதான் வீட்டில் எனக்குக் கிடைத்த ஆதரவு.

ஜூலை 30, புதன்

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு ஆர்னே மேல். அவருடைய தகப்பனும் பாட்டனும் முல்தெ பிடுங்கியவர்கள். இரத்தத்தில் உள்ளது.

காலையில் அவர் தன் வாசலில் நின்றார். கை காட்டினேன். பதில் இல்லை. மறுபடி காட்டினேன். அசையாமல் அப்படியே நின்றார். இவ்வளவு கால அயலவன், கை தூக்கவில்லை. குற்றம் உள்ள நெஞ்சு.

தடித்த கறுப்புப் பேனை ஒன்று வாங்கினேன். மெல்லிய பேனைகள் இப்போதெல்லாம் சரியாக எழுதுவதில்லை.

ஜூலை 31, வியாழன்

நேற்று வாசலில் நின்றது ஆர்னே இல்லையாம். இறைச்சி சுடும் அடுப்பாம், உறை போட்டு நிறுத்தியிருக்கிறாராம். பரமேஸ்வரி சொல்கிறாள். அப்படியே இருந்தாலும், ஆள் உயரத்துக்கு அடுப்பு வாங்குகிறவர் அயலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

பிற்பகல் உண்மையான ஆர்னே வந்தார். நான் நேரே விடயத்துக்குப் போகவில்லை.

"இந்த வருடம் முல்தெ எப்படி?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை என்கிறார்கள்."

"யார் சொல்கிறார்கள்?"

"ஆட்கள்."

"எந்தப் பக்கத்து ஆட்கள்?"

"அங்காலே," என்று சொல்லிக் கையை மலை, கடல், தேவாலயம் மூன்றுக்கும் பொதுவாக வீசினார். இதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது. நானும் அவருக்கு இத்தனை வருடமாக இதே பதிலைத்தான் சொல்லிவருகிறேன்.

ஓகஸ்ட் 1, வெள்ளி

மகள் சுகந்தினி வந்து என்னைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சின்னப் பெட்டை என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு மகளோடு நெடுநேரம் கதைத்தாள். அது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லாத விடயம்.

இன்று முதல் காட்டுக்குப் பஸ்ஸில் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். காரை நிறுத்தினால் இடம் தெரிந்துவிடும். இது முழுக்க என் சொந்த முடிவு. கார்த் திறப்பு சுகந்தினியின் கைப்பையில் இருக்கிறது, பத்திரத்துக்காக.

வரும் வழியில் அவள் சொன்னாள்: "அப்பா, போன கிழமையும் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் வந்தியள். அம்மா அழுதுகொண்டு எனக்குப் போன் எடுக்கிறா. இன்னொருக்கா அப்பிடி நடந்தா, காடு வேண்டாம். வீட்டிலை இருங்கோ. நான் சொல்லிப்போட்டன்."

"வீட்டிலை இருந்து?"

"ரீவி பாருங்கோ."

"ரீவியிலை என்ன பழுக்குது?"

அவள் என் மகள். சொன்னதைச் செய்வாள். எனக்குக் காட்டை மறித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? ஆகவே கள்ளனைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும். வேலை சுருக்கமாக முடிந்தால் நேரத்துக்கு வீடு வரலாம்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

போனேன். வழக்கமான ஏற்பாடுதான்: தேவாலயத்தடியில் இறங்கி, கல்லறை பார்க்க வந்தவன்போல் கொஞ்சம் நின்று, கடற்கரைப் பக்கம் நடந்து, பேர்ச் மரங்களுக்குள் புகுந்து, பின்பக்கமாக மலை ஏறுதல். வாளி முதுகுப் பைக்குள், வாளிக்கு மேல் கம்பளிச் சட்டை. எவரும் வாளியைக் கண்டால் கதை முடிந்தது.

சதுப்பில் மறுபடியும் அதே அநியாயம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. மஞ்சள் ஒன்றில்லை. ஒரு காய் ஒரு நாளாவது பழமாக நிற்க அவன் விடுகிறான் இல்லை. உண்மையைச் சொன்னால் இவனை மெச்ச வேண்டும். காலடி இல்லை, முறிந்த தண்டு இல்லை, பழுத்த அன்றே வந்து எடுக்கிறான். என் தகப்பனார் ஓரடி வேலிக்காக நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் வழக்காடியவர். அவருக்குக்கூட இப்படி ஒரு எதிராளி கிடைக்கவில்லை.

வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் சரிவில் நீலப்பழம், புளூபெரி என்பார்களே அது, அரை வாளி பிடுங்கினேன்.

ஒரு விடயம். மரங்களுக்குள் யாரோ தும்மினார்கள். இரண்டு முறை. கலைமான் தும்மும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பின்னேரம் பரமேஸ்வரி தயிருக்குள் முல்தெயும் சீனியும் போட்டுத் தந்தாள். "போன வருசத்துப் பழம், குளிர்ப்பெட்டிக்குள்ள கிடந்தது," என்றாள். ஒரு வருடம் கிடந்த பழம் மாதிரியே இல்லை. நல்ல குளிர்ப்பெட்டி. விலை கூட என்று வாங்கும்போது முணுமுணுத்தேன், இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

ஓகஸ்ட் 4, திங்கள்

நாட்காட்டி அச்சடிப்பவர்கள் இந்த வருடம் மையைக் குறைத்துவிட்டார்கள்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மகள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சம்பந்தி குலவீரசிங்கம் அங்கேதான் மகனோடு இருக்கிறார். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இங்கே வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது, இன்னும் வாசலுக்குப் போவதற்கே கழுத்தைச் சுற்றிச் சால்வை கட்டுகிறார். பீனிச மூக்கு, குளிர் ஆகாது. போன வருடம் ஒரு முறை காட்டு ஓரம்வரை கூட்டிப்போய், நாலு இலைக்கு நடுவில் ஒற்றைக் கறுப்புப் பழம் நின்றால் தொடவும் கூடாது, நீலப்பழத்தோடு கலந்துவிட்டால் ஆபத்து என்று காட்டினேன். மனிதன் நிலத்தைப் பார்க்காமல், "சம்பந்தி, இதுக்குள்ள அட்டை இருக்குமோ?" என்றுதான் கேட்டார். அன்றோடு இவருக்கும் காட்டுக்கும் தொடர்பில்லை என்று எழுதி மூடிவிட்டேன்.

ஆனால் இன்று அவர்கள் வாசலில் றப்பர் சப்பாத்து ஒன்று என் காலில் தடக்கியது. ஈரம். கையால் தடவிப் பார்த்தேன். பாசி. சதுப்புப் பாசி கைக்குத் தெரியாமல் போகாது.

மேசையில் சம்பந்தி தும்மினார். இரண்டு முறை.

காட்டில் கேட்ட அதே தும்மல். ஆனால் சம்பந்தியை எப்படி நேரே கேட்பது? கேட்டால் அவர் மகன் முகம் கறுக்கும், என் மகள் அழுவாள், இரண்டு குடும்பமும் கோயிலில் வேறு வேறு பக்கம் நிற்கும். ஆகவே சாடையாகப் பேசினேன். பருப்புக் கறியைப் பார்த்துப் பேசினேன்.

"இந்த உலகத்திலை ஒருத்தன் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கிறான். இன்னொருத்தன் பின்னாலை வந்து அள்ளுறான். இல்லையே பரமேசு?"

"பருப்புக்கு உப்புக் காணுமோ?" என்றாள் பரமேஸ்வரி.

சம்பந்தி கத்தரிக்காயைப் பார்த்துப் பதில் சொன்னார். "சிலபேர் முன்னாலை போகேக்கை பின்னாலை ஒருத்தர் வாறது நல்லது தானே. எல்லாத்தையும் எல்லாரும் காணேலாது."

எவ்வளவு நெஞ்சழுத்தம்! களவையும் செய்து, தத்துவமும் சொல்கிறார்.

சுகந்தினி எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

ஓகஸ்ட் 6, புதன்

சம்பந்தியைக் கள்ளன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆகவே இன்று எழுதவில்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

கையும் களவுமாகப் பிடித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சில பகுதிகள் எனக்கு இன்னும் திருப்தியாக இல்லை.

முதல் பஸ்ஸில் போனேன். பரமேஸ்வரி குளித்துக்கொண்டிருந்தபடியால் சொல்லவில்லை. சதுப்பின் நடுவே ஒரு மேடு உண்டு. அதில் குந்தினால் நாலு பக்கமும் பார்க்கலாம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, கல்லைப் போல இருந்தேன். கடிக்க வந்த நுளம்பு என்னைக் கல்லாக மதிக்கவில்லை. இடம் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. அசையவில்லை.

நெடுநேரம் கழித்துச் சத்தம் கேட்டது. பதுங்கி வருகிற சத்தம் இல்லை. மரங்களை முறித்துக்கொண்டு, வழுக்கி விழுந்து, எழும்பி வருகிற சத்தம்.

"சம்பந்தீ! சம்பந்தீ! எங்கை நிக்கிறியள்? ஐயோ முருகா, சேத்துக்குள்ள புதைஞ்சு போனாரோ தெரியேல்லையே! சம்பந்தீ!"

கள்ளன் உரிமையாளரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வருவதை நான் எதிர்பார்க்கவில்லை. எழும்பாமலே, "இஞ்சை!" என்றேன்.

அவர் வந்தார். முழங்கால்வரை சேறு. மூச்சு இரைத்தது. ஒரு கையில் வாளி.

"உயிர் போட்டுது எனக்கு," என்றார். "பரமேசுத் தங்கச்சி போன் எடுத்தவ, ஆளைக் காணேல்லை எண்டு."

"அது இருக்கட்டும். கையிலை என்ன?"

"வாளி."

"வாளிக்குள்ள?"

வாளியை மற்றக் கைக்கு மாற்றினார். "பழம்."

"ஆற்றை பழம்?"

"உங்கடைதான். வாற வழியிலை அந்த ஓரத்திலை கண்டன், விடேலாமல் போச்சுது. நான் ஒரு பழமும் வாயிலை வைக்கேல்லை சம்பந்தி. முருகன் சத்தியம். எனக்கு உந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது."

"தின்னாத ஆள் ஏன் பிடுங்குறியள்?"

"விட்டிட்டுப் போறியள். எல்லாம் அழுகுது. சங்கக்கடையிலை ஒரு பழம் அழுகவிட்டதில்லை நான். பாத்துக்கொண்டு நிக்க ஏலாமல் கிடக்கு."

"நான் விட்டிட்டுப் போறனோ? பழுத்தது ஒண்டும் இல்லையெண்டுதானே போறன்!"

சம்பந்தி வாயைத் திறந்தார். மூடினார். சால்வையைச் சரிசெய்தார். அவர் சொல்ல வந்த ஏதோ ஒன்றை மூன்று முறை விழுங்கியதைத் தொண்டைச் சத்தத்தில் அறிந்தேன். கடைசியில், கோயிலில் ஐயரிடம் கேட்பதுபோல் மெதுவாகச் சொன்னார்:

"கோவிக்காதேங்கோ சம்பந்தி. கொஞ்சம் எழும்புங்கோ. நீங்கள் பழத்துக்கு மேலைதான் இருக்கிறியள்."

எழும்பினேன். காற்சட்டையின் பின்பக்கம் ஒட்டியது. குனிந்து பார்த்தேன். பாசி. மஞ்சளும் வெள்ளையுமாகப் பாசி.

"எங்கை?"

அவர் கையால் காட்டினார். அந்தக் கை எங்கோ ஒரு பக்கமாக நீண்டது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து நிலத்தில் வைத்தார். சம்பந்திகள் கல்யாண வீட்டில் கைகுலுக்குவதோடு சரி, இப்படிக் கையைப் பிடிப்பதில்லை.

மெதுவாக இருந்தது. குளிர்ந்து, உருண்டு, அழுத்தினால் கரைகிற மெது. விரலை நகர்த்தினேன். இன்னொன்று. இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. கை வைத்த இடமெல்லாம் பழம். மேட்டைச் சுற்றி, என் காலடியில், நான் போன கிழமையும் அதற்கு முந்திய கிழமையும் நின்று கள்ளனைத் திட்டிய இடத்தில், அவ்வளவும் பழம்.

சம்பந்தி 'கண்' என்ற சொல்லைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"இந்த வருசம் பாசி பழத்தின்ரை நிறத்திலை வந்திருக்கு," என்றேன்.

"ஓமோம்," என்றார் சம்பந்தி. "சில வருசம் அப்பிடித்தான்."

பஸ்ஸில் ஒன்றாக வந்தோம். அவர் வாளியை மடியில் பகிரங்கமாக வைத்திருந்தார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று என் கம்பளிச் சட்டையைக் கழற்றி மூடினேன்.

ஓகஸ்ட் 9, சனி

பரமேஸ்வரி காற்சட்டையை நீட்டிக் காட்டினாள். "இதென்னப்பா, பின்பக்கம் முழுக்க விதை?"

கள்ளன் தடயத்தை அழிக்கப் பழத்தைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்றேன். அவள் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். மீன் பொதிகளுக்குக் கீழே பெட்டி பெட்டியாக முல்தெ.

"போன வருசத்ததோ?" என்று கேட்டேன்.

"போன கிழமையான். சம்பந்தி ஒவ்வொருமுறையும் கொண்டுவந்து தந்திட்டுப் போறவர். நான்தான் அவரைக் கேட்டனான், உங்களுக்குப் பின்னாலை போங்கோ எண்டு. அந்த மனுசன் சேத்துக்குப் பயந்து வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு போறார், அட்டைக்கு."

இந்த நாட்டில் அட்டைப் பயம் தேவையில்லை என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

ஆக, களவுப் பொருள் என் வீட்டிலேயே, என் மனைவியின் பொறுப்பில், நான் காசு கொடுத்து வாங்கிய குளிர்ப்பெட்டியில் இருந்திருக்கிறது. நானே தயிரோடு தின்றிருக்கிறேன். எந்த நீதிமன்றத்தில் இதைச் சொல்வது?

ஓகஸ்ட் 10, ஞாயிறு

சுகந்தினி வந்தாள். நான் என் பக்க நியாயத்தை முழுவதும் சொன்னேன். கதிரையில் இருந்து பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்கோ. தின்னாதேங்கோ."

ஒரு பழம். உலர்ந்து சுருங்கியிருந்தது. நீலப்பழம்போல.

"போன ஞாயிறு நீங்கள் பிடுங்கின வாளிக்குள்ளை கிடந்தது. முல்தெ குடுக்க வீட்டை வந்த மாமாதான் கண்டு எடுத்தவர். நாலு இலையும் அதோடையே இருந்ததாம். தொடவும் கூடாதெண்டு நீங்கள் அவருக்குச் சொல்லிக் குடுத்த பழமாம் அப்பா."

கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். அந்த நீலப்பழத்தில் பரமேஸ்வரி பாகு காய்ச்சிக் கோயில் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள்.

"மாமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சம்பந்திக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு என்னட்டைத்தான் கேட்டவர். நானும் எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல்தான் இருந்தனான். கண் ஒப்பரேசன் சின்ன வேலை அப்பா. காலையிலை போனால் பின்னேரம் வரலாம். அதுவரைக்கும் தனியக் காட்டுக்குப் போக விடமாட்டன்."

நியாயமில்லாத இடத்தில் நான் பேசாமல் இருந்ததில்லை. இன்று இருந்தேன்.

ஓகஸ்ட் 11, திங்கள்

மழை. பயறில் கல் பொறுக்கினேன். கல் ஒன்றுமில்லை என்று பரமேஸ்வரி சொன்னாள். பிறகு அவளும் வந்து எதிரே இருந்து பொறுக்கினாள்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

யோசித்து முடிவு செய்துவிட்டேன். இனிச் செய்ய வேண்டியவை இவை. எவரும் இதில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.

சுகந்தினி நாளைக் காலை கண் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்க வேண்டும். நான் கேட்டதாகச் சொல்லக் கூடாது. எனக்கு இப்போது நேரம் கிடைத்திருக்கிறது என்று சொன்னால் போதும். முதலில் ஒரு கண்தான். அது சரிவந்தால் மற்றதைப் பற்றிப் பேசலாம். அந்தக் கண்ணாடிக் கடைப் பெட்டை சொன்னது சரி என்று எவரும் அவளிடம் போய்ச் சொல்லத் தேவையில்லை.

மருமகன் அன்றைக்கு லீவு எடுத்துக் கார் ஓட்ட வேண்டும். வழியில் ஆறுதல் சொல்லக் கூடாது. பாட்டுப் போடலாம்.

பரமேஸ்வரி, நான் சரிவில் பிடுங்கிய நீலப்பழத்தில் மிஞ்சியது முழுவதையும், பாகையும் சேர்த்து, வெளியே கொட்ட வேண்டும். போத்தல் நல்ல போத்தல் என்று பார்க்கக் கூடாது. பாகு குடித்த பிள்ளைகள் எல்லாரும் சுகமா என்று கோயிலில் ஒவ்வொரு தாயிடமும் விசாரித்து எனக்குச் சொல்ல வேண்டும். ஒருவரையும் விடக் கூடாது.

ஆர்னே ஒன்றும் செய்யத் தேவையில்லை. அவரைச் சந்தேகித்தது அவருக்குத் தெரியாது.

சம்பந்தி செய்ய வேண்டியது கொஞ்சம் கூட. அந்த இடத்தை அவர் தன் மகனுக்கும் சொல்லக் கூடாது, அந்த மகன் எனக்கு மருமகனாக இருந்தாலும். பழம் இன்னும் ஒரு கிழமைக்கு நிற்கும். ஆஸ்பத்திரி அதற்குள் என்னைக் கூப்பிடாது. ஆகவே நாளை மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் என்னோடு வர வேண்டும். சதுப்பில் அவர் முன்னால் நடக்க வேண்டும், நான் பின்னால் வருவேன். இந்தா இருக்கு, அங்கை இருக்கு என்று ஒன்றும் சொல்லக் கூடாது. பழம் உள்ள இடத்தில் பேசாமல் நிற்க வேண்டும். நான் குனிந்து தடவிப் பிடுங்கிக்கொள்வேன்.